நாலரை மணிச் சங்கு

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலையில் சங்கு ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். காலையில் ஆட்களை உள்ளே அழைக்க ஒரு குட்டைச் சங்கு, சாயங்காலம் நாலரைக்கு வெளியே விட ஒரு நீளச் சங்கு. இப்போது எல்லாரும் மெஷினில் முகத்தைக் காட்டிவிட்டுப் போய்வருகிறார்களாம், சங்கு எதற்கு என்று யாரோ ஒரு அதிகாரி கேட்டாராம். குவார்ட்டர்ஸில் மூன்று நாள் வரை இது ஒருத்தருக்கும் தெரியவில்லை. முப்பத்து நாலு வருஷம் அந்தச் சங்குக்கு எழுந்து உட்கார்ந்த என் வீட்டுக்காரரே, "நிறுத்திட்டாங்களா? எப்போ?" என்று என்னிடம்தான் கேட்டார்.

எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒரு நாய் சொன்னது.

சேக்காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு நாய்ப் பயிற்சிப் பண்ணையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் நின்றேன். நின்றேனே தவிர, தினமும் ஒரு நடை போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். "லீலாக்கா வந்தாச்சு, நேரத்தை மாத்து நேரத்தை மாத்துன்னு கத்த ஆரம்பிச்சிடும்" என்பார்கள். ஏன் அப்படிக் கத்துகிறேன் என்று நிவேதா என்கிற பெண் மட்டும் ஒருநாள் நேராகவே கேட்டாள். சிரித்து மழுப்பினேன். மழுப்பியது போதும். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்தப் பண்ணைக்குச் சமைக்கப் போனவள். ரேஷன் அரிசி, கோழித் தலை, ஈரல், ஒரு கை மஞ்சள். பெரிய அண்டாவில் கிண்டி ஆற வைத்துத் தட்டில் போடுவது என் வேலை. யாரையும் கிட்டே விடாத நாய்கள்கூட என் கையில் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் என்னைக் கரண்டியை வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். ஈரல் வாசனை அடிக்கிற கையை எந்த நாய் வேண்டாம் என்னும்? அதை அவரிடம் சொல்லவில்லை. கற்றுக்கொண்டதெல்லாம் கடித்த தழும்பாகக் கையில் இருக்கிறது, அதைத் தனியாக எழுத வேண்டாம்.

மாஸ்டர் துரைக்கண்ணு குடியாத்தத்துக்காரர். ராணுவத்தில் நாய்ப் பிரிவில் இருந்துவிட்டு வந்து இந்தப் பண்ணையைத் தொடங்கியவர். சத்தமாகப் பேச மாட்டார். புதிதாக வரும் பயந்த நாயை "வாங்க, உட்காருங்க" என்றுதான் அழைப்பார். நாங்கள் வாயைப் பொத்திச் சிரிப்போம். "தெரியாதவங்களை நீன்னு சொல்லுவியா? அதுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அதைத் தெரியாது. மரியாதையா தூரத்துல நிக்கணும்" என்பார். அந்த நாய் அவர் கையிலிருந்து முதல் துண்டை வாங்கித் தின்ற நிமிஷத்தில் "வாடா" என்பார். அந்த "வாடா"வுக்காக நாங்கள் வாரக்கணக்கில் காத்திருப்போம்.

முறை என்று பார்த்தால் ஒரு சாக்பீஸ் கோடுதான். நாய் ஓர் இடத்தில் நிற்கும். அந்நிய ஆள் தூரத்தில், நாயைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, முக்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் ஈரல் துண்டை நீட்டுவேன். நாய் ஆளைப் பார்த்துக்கொண்டே துண்டை நிதானமாகத் தின்றால், அந்தத் தூரத்தில் அதற்குப் பயம் இல்லை. அங்கே மாஸ்டர் ஒரு கோடு போடுவார். தின்ன மறுத்தாலோ, பல் படப் பிடுங்கித் தின்றாலோ, முக்காலி பின்னால் போகும். நாளுக்கு ஒரு சாண் கோட்டை முன்னால் நகர்த்தலாம், அதற்கு மேல் கூடாது. உறுமினால் அதட்டவே கூடாது. "அது மணி. நீ மணியைக் கழட்டிட்டா நாளைக்கு மணி அடிக்காம கடிக்கும்" என்பார். ஆள் சாதாரணமாகக் கிட்டே வந்து நிற்கிற வரைக்கும் இதேதான், மாதக்கணக்கில்.

அப்புறம் நாலு மாத்து. ஆளை மாத்து, துணியை மாத்து, இடத்தை மாத்து, நேரத்தை மாத்து. "நாம 'அந்நியர்'னு ஒண்ணு நினைச்சுக்கிட்டு சொல்லிக் குடுப்போம், நாய் வேற என்னத்தையோ பிடிச்சுக்கும். அது எதைப் பிடிச்சுக்கிட்டதுன்னு உனக்குத் தெரியாது. அதனால எல்லாத்தையும் மாத்து" என்று நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் தலையாட்டியவள் நான்.

ஏழு வருஷத்துக்கு முன் மலர்விழி என்கிற பெண் கருப்பட்டியைக் கொண்டுவந்தாள். கரூர்க்காரி, கணவனும் அவளும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வெள்ளானூரில் புதுசாகக் கட்டிய ஃபிளாட்டில் இருந்தார்கள். கருப்பட்டி அவள் அப்பா ஊரில் வளர்த்த நாட்டு நாய், பெயருக்கேற்ற நிறம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வாயில் வந்த ஒரே சொல் "பட்டி". நாயையும் சேர்த்தே கூட்டிவந்திருந்தாள். நாய் கட்டிலை விட்டு நகரவில்லை, யாரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் விடவும் இல்லை.

"பிசியோதெரபிக்கு ஒரு பொண்ணு வரணுமுங்க அக்கா. இந்த ஆறு மாசத்துக்குள்ள தினமும் பயிற்சி குடுத்தாத்தான் நடப்பாருன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. இது யாரையும் உள்ளயே விட மாட்டேங்குது. இதை எங்காச்சும் விட்டுடலாம்னா, அப்பா சாப்பிடவே மாட்டேங்கறாருங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நாய் இருந்தால் மனுஷர் நடக்க மாட்டார், நாய் இல்லாவிட்டால் மனுஷர் சாப்பிட மாட்டார். ஃபிளாட் சங்கத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வேறு வந்திருந்தது. மூன்று மாதம் கேட்டேன். நாய் இங்கே இருக்கும் மூன்று மாதமும் அப்பா புகட்டினால்தான் கஞ்சி குடிப்பார், தெம்பில்லாமல் பயிற்சியும் தள்ளிப்போகும் என்று தெரிந்துதான் அவளும் ஒத்துக்கொண்டாள்.

கருப்பட்டிக்கு மாஸ்டர் போட்ட முதல் கோடு இருபத்தெட்டு அடி. அவ்வளவு தூரத்தில் ஆள் இருந்தால்தான் அது தின்றது. எனக்கு வெறி வந்துவிட்டது. இந்த நாயை மாற்றிக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சபதம் போட்டேன். அந்நிய ஆட்களுக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் செக்ஷனில் வேலை பார்த்தவர்களைப் பிடித்தேன். ஷிப்ட் முடிந்ததும் ஒருநாள் இரண்டு பேர், ஒருநாள் மூன்று பேர் என்று சைக்கிளிலும் வண்டியிலும் வருவார்கள். கூலி ஒரு டீ, ஒரு மசால் வடை. அவர்கள் மனைவிமார்களையும் அழைத்தேன். செக்ஷன் தீர்ந்துபோனதும் பக்கத்து செக்ஷன்.

கபாலி என்று ஒருத்தர், வாய் ஓயாது. "இன்னாக்கா, இன்னிக்கும் செல மாரி குந்திகினு கீணுமா? எங்கூட்ல நான் இம்மா நேரம் வாய மூடிகினு குந்துனா எம் பொண்டாட்டி உனுக்கு கோயிலு கட்டுவா" என்பார். கருப்பட்டி அவருக்காகவே முதலில் வாலை அசைத்தது.

ஆளை மாற்றினேன். துணியை மாற்றினேன்: ஹெல்மெட், மழைக்கோட்டு, குடை, சேலை, லுங்கி, ஒருநாள் கபாலிக்குப் பர்தாவே போட்டுவிட்டேன். இடத்தை மாற்றினேன்: பண்ணை முற்றம், பின் மைதானம், டீக்கடை வாசல், சேக்காட்டுத் தெரு. கோடு இருபத்தெட்டு அடியிலிருந்து இரண்டு அடிக்கு வந்தது. கடைசி வாரத்தில் முன்பின் பார்க்காதவர்கள் கையைத் தொங்கவிட்டு நின்றால், கருப்பட்டி போய் விரலை முகர்ந்துவிட்டு நக்கியது. நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன்.

நேரத்தை மாற்றவில்லை. ஆட்கள் ஷிப்ட் முடிந்துதானே வர முடியும்? காலையில் ஆள் தேடுவது எனக்குச் சிரமமாக இருந்தது, அவ்வளவுதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஒப்படைக்கிற நாளில் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். அப்போதே சர்க்கரையில் அவருக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது, பாதிக்கு என் வாயைத்தான் நம்பியிருந்தார்.

"ஆளை?"

"மாத்தியாச்சு மாஸ்டர்."

"துணி?"

"ஆச்சு."

"இடம்?"

"ஆச்சு."

"நேரம்?"

"மாத்தி மாத்திதான் மாஸ்டர்."

"சரிம்மா" என்று கையெழுத்துப் போட்டார். ஒரு பொய் சொன்னோம் என்றுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வந்த மாதிரிதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணி. வெள்ளானூர் ஃபிளாட்டில் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் மூன்று தடவை வாய்க்கூடு மாட்ட வேண்டும் என்பது பண்ணை விதி. வாய்க்கூடு என் பையில் இருந்தது. மூன்று மாதம் கழித்து நாயைப் பார்த்த அந்தப் பெரியவர் இடக்கையால் அதன் முகத்தைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தார். அந்த முகத்தில் கூட்டை மாட்ட மனசு வரவில்லை. என் வேலைமேல் எனக்குத் திமிரும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிசியோதெரபி செய்யும் ஜெனி வந்தாள். பூந்தமல்லிப் பெண், இருபத்தைந்து வயது, படிப்பை முடித்து முதல் வேலை. வாசலிலேயே, "அக்கா, எனுக்கு நாய்னா கொஞ்சம் பயம்தான். கரெக்டா சொல்லுங்க, அப்பிடியே செய்றேன்" என்றாள். சொன்னேன். பார்க்காதே, பக்கவாட்டில் நில், பேசாதே, கையைத் தளர்வாகக் கீழே தொங்கவிடு. அவள் ஒரு எழுத்து பிசகாமல் செய்தாள்.

நான் ஈரல் துண்டை நீட்டினேன். கருப்பட்டி பல் பட வெடுக்கென்று பிடுங்கியது. என் விரலில் கோடு விழுந்தது. பார்த்தேன். புது வீடு, அதனால் என்று நினைத்தேன். கயிற்றை இன்னொரு அடி விட்டேன். அடித்தொண்டையில் உறுமியது. மணி அடித்தது. இருபது வருஷமாக அந்த மணியைக் கேட்டுப் பின்னால் போனவள், ஜெனியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "பயப்படாதே கண்ணு, பழைய பழக்கம், ஒண்ணும் பண்ணாது."

ஜெனியின் வலக்கையில் கட்டை விரலும் உள்ளங்கையும் சேருகிற இடத்தில் கவ்வியது. அவள் கத்தவில்லை, நான் சொன்ன மாதிரி பேசாமல்தான் நின்றாள். பெரியவர்தான் கட்டிலிலிருந்து "பட்டி, பட்டி, பட்டி" என்று அலறினார். நான் கழுத்துப் பட்டையை முறுக்கி வாயை விடுவிக்கும்போது தரை முழுக்க ரத்தம். மலர் ஒரு துண்டை எடுத்து ஜெனியின் கையில் சுற்றினாள்.

ஜெனிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிசியோதெரபி செய்கிறவளுக்குக் கைதான் எல்லாம், அந்தக் கட்டை விரல் மடங்கவே இல்லை. அவள் வேலை பார்த்த இடத்தில் அந்த வீட்டுக்கு இனி ஆள் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வெறி இருக்கிறதா என்று பார்க்கும் பத்து நாள் கண்காணிப்புக்குக் கருப்பட்டியைப் பண்ணைக்கே கொண்டுவந்தேன். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. கேஸ் சிலிண்டர் போட மத்தியானம் வந்தவர் இருபத்தெட்டு அடிக்கு அப்பால் நிற்கும்போதே கருப்பட்டி கம்பியில் பாய்ந்தது. மூன்று மாதமும் போன இடம் தெரியவில்லை.

நாலாம் நாள் ஜெனியின் அண்ணன் வந்தார், ஆட்டோ ஓட்டுகிறவர். கேட்டை உதைத்துத் திறந்துகொண்டு, "எங்க அந்த நாயி? எங்க? எந்தங்கச்சி கைய போக்கிட்டு நீங்கல்லாம் டீ குடிச்சிகினு கீறீங்களா?" என்று நேராகக் கூண்டைப் பார்த்து நடந்தார். நான் குறுக்கே ஓடினேன். கருப்பட்டி எழுந்து பல்லைக் காட்டியது.

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது.

கருப்பட்டியின் உதடு மூடியது. காது நிமிர்ந்து அப்புறம் தளர்ந்தது. வால் ஒரு தரம், இரண்டு தரம் அசைந்து பிறகு இடுப்போடு சேர்ந்து ஆடியது. கோபத்தில் கம்பியைப் பிடித்திருந்த அந்த ஆளின் விரலை முகர்ந்துவிட்டு நக்கத் தொடங்கியது. அவர் கையை இழுக்கக்கூட மறந்து நின்றார்.

"இன்னாம்மா இது? இதுவா கட்ச்சிது?" என்றார்.

சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. கல்யாணமாகி குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வாரத்தில் அந்தச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்கிறேன். அப்புறம் அது காதில் விழுந்ததே இல்லை. எங்கள் யாருக்குமே விழாது, அதற்குள்ளேயேதான் சமைத்தோம், பிள்ளை பெற்றோம். அத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அதை முழுசாகக் கேட்டேன். ஒவ்வொரு நாளும் சங்கு ஊதிய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். கருப்பட்டிக்கு நான் அந்நியர்களைப் பழக்கவே இல்லை. சங்கு ஊதினால் வருகிறவன் நல்லவன். அதை மட்டும்தான் மூன்று மாதமும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சங்கு ஊதாவிட்டால் எவன் வந்தாலும் பழைய பயம் அப்படியே இருந்தது. வெள்ளானூரில் அந்தச் சங்கு கேட்காது.

மாஸ்டரிடம் அன்றே போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

இருபது வருஷமாக என்னை "வாம்மா, போம்மா, நீ" என்றவர். அதற்கப்புறம் கடைசி வரைக்கும் "நீங்க"தான். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குடியாத்தத்தில் அவர் போய்ச் சேர்ந்தபோது முகத்தைப் பார்க்கப் போனேன். அங்கேயும் எனக்கு அந்த "நீங்க"தான் ஞாபகம் வந்தது.

மலரின் கணவன், படித்த பிள்ளை, சங்கை போனில் பதிவு செய்துகொண்டு வந்தார். ஆள் வரும்போது இதைப் போட்டால் போதுமே என்றார். ஒருநாள் மத்தியானம் போட்டுப் பார்த்தோம். கருப்பட்டி போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆளைப் பார்த்து உறுமியது. மனுஷரை ஏமாற்றலாம், நாய்க் காதை ஏமாற்ற முடியாது. முதலிலிருந்து காலை நேரத்தில் மறுபடியும் கோடு போட்டேன். கடித்து ருசி கண்ட பயத்துக்குப் பன்னிரண்டு அடிக்குக் கீழே கோடு நகரவே இல்லை. ஃபிளாட் சங்கம் நாயை இனி உள்ளே விடாதே என்று எழுதியே கொடுத்துவிட்டது. மலர் அப்பாவை ஊருக்கே கூட்டிப் போனாள்; அங்கேயும் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வர வேண்டும், அதனால் கடித்த நாயைக் கூட்டிப் போக முடியவில்லை. அவர் நடக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் அடுத்த மழைக்காலம் வருவதற்குள் போய்விட்டார்.

ஜெனியை ஒரே ஒரு தடவை பார்த்தேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை பார்க்கப் பூந்தமல்லியில் ஒரு கிளினிக்குக்குப் போனபோது, டோக்கன் எழுதுகிற மேஜையில் உட்கார்ந்து இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நீங்க சொன்ன மாரியேதான்க்கா நின்னேன். நான் இன்னா தப்பு பண்ணேன்னுதான் இன்னி வரைக்கும் தெரில" என்றாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. தப்பு என்னோடது" என்றேன்.

"அப்பிடியா" என்றாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பண்ணையில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். சறுக்கிய ஆனை எழுந்து போய்விடும், கீழே மாட்டியவர்கள் கதி என்ன? நூற்றுக்கணக்கான நாய்களை நன்றாகப் பழக்கி அனுப்பியிருக்கிறேன், எதன் முகமும் ஞாபகம் இல்லை. மடங்காத ஒரு விரல்தான் என் இருபத்தாறு வருஷமும்.

கருப்பட்டி பண்ணையிலேயே தங்கிவிட்டது. இப்போது கிழம், மூக்கெல்லாம் நரைத்துவிட்டது. அதன் சோறு என் பொறுப்பு. இத்தனை வருஷமும் நாள் முழுக்க மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், நாலரைக்குச் சங்கு ஊதினால் எழுந்து கம்பிக்கு வரும். அந்த அரை மணி நேரம் யார் போனாலும் கையை நக்கும். பால்காரர், தபால்காரர், வழி கேட்க வந்தவர் எல்லாருமே அதற்கு உறவுக்காரர்கள். நான் செய்த அத்தனை கெடுதலிலும் அதற்கு மிச்சமானது அந்த அரை மணி நேரம்தான். மலர் மாதம் பிறந்தால் ஒண்ணாந்தேதி போன் செய்வாள். என்னை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. "கருப்பட்டி எப்படி இருக்குதுங்க அக்கா?" என்று கேட்பாள். "சங்கு ஊதினா வாலாட்டுதும்மா" என்பேன். "அது போதுமுங்க" என்பாள்.

சங்கை நிறுத்திய முதல் நாள், நாலரைக்குக் கருப்பட்டி எழுந்து கம்பிக்கு வந்தது. தொழிற்சாலைப் பக்கம் காதை நிமிர்த்தி நின்றது. பால்காரர் வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அது பின்வாங்கிப் போய்ச் சுவரில் முட்டி நின்று உறுமியது.

இந்த ஒண்ணாந்தேதி மலர் கூப்பிட்டபோது நான் கூண்டுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். மணி நாலரை ஆகி ஐந்து நிமிஷம்.

"கருப்பட்டி எப்படி இருக்குதுங்க அக்கா? சங்கு ஊதியாச்சுங்களா?"

"ஊதியாச்சும்மா" என்றேன். "வாலாட்டிட்டு நிக்குது."

கருப்பட்டி காதை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தது. நான் எழுந்து வரும்வரைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தது.